மூன்றும் நாலும்: கோண்டாவில் கொட்டிலில் கழற்றிய மைனர் இஞ்சின்

வண்டி: மொறிஸ் மைனர் 1000, 1959ஆம் ஆண்டு. இஞ்சின்: ஏ சீரிஸ், நாலு சிலிண்டர், 948 சிசி. உரிமையாளர்: அப்பா, வயது 79. கழற்றியது நான். தொழிலால் மெக்கானிக் அல்ல, பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். உதவிக்கு அக்காவின் மகன், ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் இருந்தவன். ஆலோசனை சொன்னவர் எங்கள் ஒழுங்கையில் நாற்பது வருடமாகக் கராஜ் வைத்திருக்கும் அண்ணை. இடம் யாழ்ப்பாணம் கோண்டாவிலில், வீட்டுக்குப் பின்னால் உள்ள கார்க் கொட்டில்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த இஞ்சின் ஏன் போனது என்று கழற்ற முன்னரே ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கழற்றிப் பார்த்தால் கதை வேறு.

நடந்தது

2023 ஆகஸ்ட். நெல்லியடியில் ஒரு கலியாண வீடு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். உள்ளே நாலு பேர், நல்ல வெயில். வல்லை வெளியில், முனியப்பர் கோயிலைத் தாண்டியதும் பொனற் ஓரத்தால் ஆவி வந்தது. மைனரில் சூடு காட்டும் மீற்றர் கிடையாது. ஆவிதான் மீற்றர்.

அந்த வெளியில் வீடும் இல்லை, கிணறும் இல்லை. பக்கத்தில் இருப்பது உப்பேரி. காருக்குள் குடிக்க வைத்திருந்த இரண்டு போத்தல் தண்ணீரைக் கொதித்துக்கொண்டிருந்த றேடியேற்றருக்குள் அப்படியே ஊற்றினேன். அரை மணித்தியாலம் பொறுத்திருக்க வேண்டும். பொறுக்கவில்லை. திரும்ப ஸ்ராட் பண்ணி, அச்சுவேலியைக் கடந்து, புத்தூர் வரும்போது கீழேயிருந்து ஒரு தட்டு. மரக்கதவை யாரோ விரல் மொளியால் தட்டுவதுபோல. மிதிக்க மிதிக்கத் தட்டும் கூடியது. அப்போதும் நான் நிறுத்தவில்லை. நீர்வேலியில் ஒயில் லைற் எரிந்த பிறகுதான் ஓரங்கட்டினேன். லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஒன்றில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

இந்தப் பழுதில் என்னுடைய பங்கு எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூடான இரும்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினதும், தட்டுச் சத்தத்தோடு ஆறேழு கிலோமீற்றர் ஓடினதும் என் வேலை.

ஊர் சொன்ன காரணம்

அடுத்தநாள் காலை கொட்டிலில் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். கராஜ் அண்ணை மிதிபலகையில் குந்தியிருந்து, சாய்வாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உது மண்ணெண்ணெய் குடிச்ச இஞ்சின் தம்பி. எப்பவோ போயிருக்க வேண்டியது. இவ்வளவு நாள் ஓடினதே புதினம்."

யாழ்ப்பாணத்தில் இந்த ஒரு வசனம் போதும், வழக்கு முடிந்துவிடும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் குடாநாட்டுக்குள் வரவில்லை. ஒஸ்ரினும் மொறிஸும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. அதனால் கபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தெருவெல்லாம் அந்த மணம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், இஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தட்டான சம்பில் உள்ள ஒயிலையும் தண்ணியாக்கும், மேலே கரியைப் படியவிடும். பிஸ்ரனைச் சுற்றியுள்ள றிங்ஸ் தேயும், கிராங்க் அச்சு சுழலும் பெயரிங் தேயும். இதெல்லாம் உண்மை. எங்கள் மைனரும் அப்படித்தான் ஓடியது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அப்பம்மாவையும் இரண்டு மூட்டை நெல்லையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டியதும் மண்ணெண்ணெயில்தான்.

ஆகவே நானும் அதையே நம்பினேன். அப்பா மட்டும் ஒன்று சொன்னார்: "இந்த இஞ்சின் ஒருநாளும் திறக்காத இஞ்சின்." அந்தப் பெருமை ஆளுக்கு நிறைய இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணக்குச் சரியாக வந்தது: மண்ணெண்ணெயில் தேய்ந்தது, திறந்து திருத்தவே இல்லை, இப்போது உடைந்தது.

புது வண்டிக்குக் கதையே இல்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய கார் ஒவ்வொன்றும் காணி விலைக்கு நின்றது. திருத்துவதுதான் வழி. கழற்றும் கூலியாவது மிஞ்சட்டும் என்று நானே இறங்கினேன்.

ஸ்பனர் பிடிக்க முன்

கழற்றத் தொடங்கினால் பிறகு இஞ்சினிடம் கேட்க முடியாத கேள்விகள் சில இருக்கின்றன. அமுக்கம் எவ்வளவு என்பது அதில் ஒன்று. நாலு பிளக்கையும் கழற்றி, அக்சிலேற்றரை முழுக்க மிதித்தபடி, ஒவ்வொரு துளையாக மீற்றரை வைத்து ஸ்ராட்டரில் சுற்றினோம். முன்னாலிருந்து எண்ணினால் ஒன்றாவது 135, இரண்டாவது 130, மூன்றாவது 45, நாலாவது 50. எல்லாம் சதுர அங்குலத்துக்கு இறாத்தல் கணக்கு. பிறகு மூன்றுக்கும் நாலுக்கும் ஒவ்வொரு மேசைக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பார்த்தோம். றிங்ஸ் தேய்ந்திருந்தால் ஒயில் இடைவெளியை அடைத்து அமுக்கம் ஏற வேண்டும். ஏறவில்லை.

பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டு ஒன்றாக விழுந்து, ஒயிலுக்கும் அசையாமல் நின்றால் அது பெரும்பாலும் ஹெட் கஸ்கெற், அதாவது மேல்மூடியான ஹெட்டுக்கும் கீழே சிலிண்டர்கள் உள்ள புளொக்குக்கும் நடுவில் இருக்கும் தகடு. நடுச்சுவரில் எரிந்து, ஒன்றின் காற்று மற்றதற்குள் போகிறது. மண்ணெண்ணெய்க் கதையில் முதல் ஓட்டை இங்கே விழுந்தது. மண்ணெண்ணெய் நாலு சிலிண்டரையும் ஒரேமாதிரித்தான் தின்னும். மூன்றையும் நாலையும் மட்டும் தேடிப்போய்த் தின்னாது.

இரண்டு நாள் வண்டியை அசைக்காமல் விட்டு, மூன்றாம் நாள் சம்ப் நட்டை மெதுவாக அரைச் சுற்று, பிறகு இன்னொரு அரைச் சுற்று இளக்கினேன். முதலில் ஒயில் வரவில்லை. தண்ணீர் வந்தது. ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுக்குத் துருநிறத் தண்ணீர் கண்ணாடிப் போத்தலில் விழுந்து, அதற்குப் பிறகுதான் பால் விட்ட கோப்பிபோல ஒயில் இறங்கியது. நட்டைத் தடாரென்று கழற்றி வாளிக்குள் கொட்டியிருந்தால் இது தெரிந்திருக்காது.

இதே நாளில் ஒரு தடயத்தைக் கையில் எடுத்துவிட்டு எறிந்தும் விட்டேன். தண்ணீர் இறக்க றேடியேற்றருக்கு அடியில் ஒரு ரப், புளொக்கின் பின்பக்கத்தில் ஒரு ரப். றேடியேற்றர் ரப் ஓடியது. புளொக் ரப்பைத் திறந்தால் ஒரு சொட்டும் இல்லை. கம்பி விட்டுக் குத்தினேன், வெள்ளையும் மண்ணிறமுமாகக் களி கொஞ்சம் வந்தது. "பழைய வண்டிதானே" என்று துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

கழற்றல்

பொனற்றின் கீல் இருந்த இடத்தைச் சுற்றி ஆணியால் கீறி அடையாளம் வைத்து இறக்கினோம். பற்றரி, றேடியேற்றர், டைனமோ, கபரேற்றர், மனிபோல்ட். ஒவ்வொன்றின் நட்டும் வோஷரும் ஒவ்வொரு பால்மாப் பேணிக்குள், மூடியில் ரேப் ஒட்டிப் பெயர். அம்மா சேர்த்து வைத்திருந்த பேணிகள் அவ்வளவும் கொட்டிலுக்கு வந்தன. முதல்நாள் சிரட்டைகளில் போட்டிருந்தோம். கோழி ஒன்று ஒரு சிரட்டையைத் தட்டிவிட்டதில் அரை நாள் மண்ணைக் கிளறிக்கொண்டு திரிந்தோம். அதற்குப் பிறகு மூடி இல்லாத பாத்திரத்துக்குக் கொட்டிலில் இடமில்லை.

ஸ்பனர் பற்றி ஒரு சொல். இது அங்குல வண்டி. ஹெட் நட்டுக்கு 9/16 வேண்டும். அது 14.3 மில்லிமீற்றர். 14 போகாது, 15 போகும் ஆனால் வழுக்கும். இரண்டு முறை வழுக்கினால் நட்டின் மூலைகள் உருண்டுவிடும். அப்பாவின் பழைய இரும்புப் பெட்டியில் அங்குலச் செற் முழுதாக இருந்தது. இல்லாதவர்கள் முதலில் அதைத் தேடிக்கொண்டு பிறகு தொடங்குவது நல்லது.

ஹெட்டை ஒன்பது நட்டுக்கள் பிடித்திருக்கின்றன. அதில் நாலு, வால்வுகளை அமுக்கித் திறக்கும் றொக்கரின் தாங்கிகளையும் சேர்த்துப் பிடிப்பவை. அந்த நாலை மட்டும் கழற்றி றொக்கரை எடுக்கலாம் என்று கை சொல்லும். எடுத்தால் மற்ற ஐந்தும் ஒரு பக்கமாக இழுத்து ஹெட் கோணும். ஒன்பதையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொன்றும் கால் சுற்றுக் கால் சுற்றாக இளக்க வேண்டும். தண்ணீர் இறக்காமல் இதில் கை வைத்தால் அது நேரே சிலிண்டருக்குள் இறங்கும்.

றொக்கரைக் கீழிருந்து தள்ளும் புஷ் றொட் எட்டையும் அட்டைப் பெட்டியில் துளை போட்டு எண் எழுதிக் குத்தி வைத்தோம். பக்க மூடிகளைத் திறந்து எடுத்த, புஷ் றொட்டுக்கும் காம் அச்சுக்கும் நடுவில் நிற்கும் ரப்பெற் எட்டும் முட்டைத் தட்டில் வரிசையாகக் குந்தின. ஒவ்வொன்றும் தன்னுடைய காம் முனையோடு தேய்ந்து பழகியது. இடம் மாற்றிப் போட்டால் இரண்டும் கெடும்.

நட்டெல்லாம் போன பிறகும் ஹெட் அசையவில்லை. திருப்புளியை இடுக்கில் செருகி நெம்ப மருமகன் வந்தான், தடுத்தேன். அந்த மேற்பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் புதுக் கஸ்கெற்றும் அதில் ஒழுகும். அதற்குப் பழைய வித்தை ஒன்று உண்டு. பிளக்குகளைத் திரும்பப் பூட்டிவிட்டு, முன்னால் கைபிடியைக் குத்திச் சுற்றுவது. றொக்கர் இல்லாததால் வால்வெல்லாம் மூடியே இருக்கும். மேலே வரும் பிஸ்ரன் அடைபட்ட காற்றை அமுக்கி ஹெட்டைத் தானே தள்ளும். சுற்றினோம். முன்பக்கம் "பொக்" என்று ஒரு நூல் எழும்பியது. பின்பக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. முன் இரண்டில்தானே அமுக்கம் இருந்தது! பின்பக்கத்தை மரக்குற்றி வைத்து, மரச் சுத்தியலால் சுற்றிச்சுற்றித் தட்டி ஒரு மணித்தியாலத்தில் எடுத்தோம்.

தேசிக்காய்

கஸ்கெற் எதிர்பார்த்தபடிதான் இருந்தது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் விரல் நகம் அளவுக்கு எரிந்து கரைந்துபோயிருந்தது. நாலாவதற்குப் பின்னால் உள்ள தண்ணீர்த் துளையின் ஓரமும் அரித்துக் கிழிந்திருந்தது. சம்புக்குள் தண்ணீர் போன வழி அது.

நான் எதிர்பாராதது அந்தத் தண்ணீர்த் துளைகள்தான். முன்பக்கத் துளைகள் கறுப்பாக, திறந்து இருந்தன. பின்னால் போகப்போக ஒடுங்கி, கடைசித் துளை இருந்த இடத்தில் துளையே இல்லை. சுவர்போல வெள்ளையாக, கல்லுமாதிரி ஒன்று அடைத்திருந்தது. ஹெட் நட்டுக்கள் ஏறும் ஸ்ரட்களைச் சுற்றியும் அதே. ஹெட் ஏன் பின்னால் ஒட்டிக்கொண்டது என்பதும் இப்போது புரிந்தது.

கராஜ் அண்ணை எட்டிப் பார்த்தார். "துரு," என்றார். துருவுக்கு நிறம் இதுவல்ல. அம்மா அப்போது தேத்தண்ணி கொண்டுவந்தா. துளையைப் பார்த்துவிட்டுச் சொன்னா: "இது எங்கட கேத்திலுக்குள்ள பிடிக்கிறதெல்லே?"

குசினிக்குள் போய் ஒரு தேசிக்காயை எடுத்துவந்து அந்த வெள்ளையில் பிழிந்தேன். பொங்கியது. சின்னச்சின்னக் குமிழ், சீ என்று மெல்லிய சத்தம். துரு தேசிப்புளிக்குப் பொங்காது. சுண்ணாம்பு பொங்கும்.

கோண்டாவில் இருக்கும் வலிகாமத்தின் அடியில் இருப்பது சுண்ணக்கல். மழைநீர் அதற்குள்ளால் இறங்கி, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. கோண்டாவில் கிணற்றுத் தண்ணீரில் சவுக்காரம் இலகுவில் நுரைக்காது. கேத்தில் இரண்டு மாதத்தில் உள்ளே வெள்ளை பூசிக்கொள்ளும். சூடாக்கும்போது கரைந்திருந்த பைகாபனேற்று உடைந்து, கரையாத காபனேற்றாகப் படிகிறது. இஞ்சினும் ஒரு கேத்தில்தான். அடுப்பு மட்டும் உள்ளே இருக்கிறது.

ஆனால் ஒன்று இடித்தது. றேடியேற்றரும் புளொக்கும் சேர்ந்து கொள்ளும் தண்ணீர் சில லீற்றர்தான். அதில் உள்ள சுண்ணாம்பு எல்லாமாகப் படிந்தாலும் ஒரு சிட்டிகைதான் தேறும். இவ்வளவு எங்கிருந்து வந்தது?

விடை அப்பாவிடம் இருந்தது. காலையில் பூசை முடிந்ததும் ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போவார். றேடியேற்றர் மூடியைத் திறந்து ஊற்றுவார். சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன். வண்டிக்குத் தண்ணி வைக்கிறார் என்றுதான் சொல்லுவோம், மாட்டுக்கு வைப்பதுபோல. தினம் ஒரு போத்தல் ஏன் தேவைப்படுகிறது என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் பார்த்தேன். சீல் தேய்ந்து, அச்சைச் சுற்றி வெள்ளைக் கோடு வழிந்து காய்ந்திருந்தது. ஒழுகியது கொஞ்சம், ஆவியாய்ப் போனது மிச்சம். ஆவி சுண்ணாம்பைக் கொண்டுபோகாது. லீற்றருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்து, தினம் முக்கால் லீற்றர், இருபது வருடம் என்று பெருக்கினால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வருகிறது. அதில் பாதி படிந்தாலே போதும்.

தண்ணீர்ப் பம்பும் முன்னால், சூடு ஏறும்வரை தண்ணீரை மறித்து வைக்கும் தேமோஸ்ரற் இருக்கும் இடமும் முன்னால். பின்பக்கத்தில் ஓட்டம் எப்போதுமே மந்தம், படிவது அங்கேதான். சுண்ணாம்பு இரும்பைப்போலச் சூட்டைக் கடத்தாது. மூன்றும் நாலும் வருடக்கணக்காக வெந்துகொண்டு இருந்திருக்கின்றன. வல்லை வெளியில் கஸ்கெற் கைவிட்டது. சொன்னாற்போல, தேமோஸ்ரற் இருக்க வேண்டிய கூட்டுக்குள் தேமோஸ்ரற்றே இல்லை. "எங்கட வெக்கைக்கு உது தேவையில்லை" என்று எடுத்து எறியும் வழக்கம் இங்கே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது இல்லாத இஞ்சின் கோண்டாவிலிலிருந்து ரவுணுக்குப் போய்வரும் சின்ன ஓட்டத்தில் சரியான சூட்டுக்கே வராது, ஒயிலுக்குள் ஈரம் தங்கும்.

கீழ்ப்பாதி

ஹெட் போன பிறகும் இஞ்சின் நல்ல பாரம். கொட்டிலின் பனை வளை தாங்கும் என்று மருமகன் சொன்னான். அதை நம்பவில்லை. இரும்புப் பைப் மூன்றை முக்காலியாக நிறுத்தி, வாடகைக்கு எடுத்த செயின் புளொக்கில் தூக்கினோம். கியர் பொக்ஸுக்கு அடியில் ஜக்கு வைத்து அதைத் தனியாகத் தாங்கவிட்டு, இஞ்சினை நேரே முன்னால் இழுக்க வேண்டும். இஞ்சின் பாரம் கியர் பொக்ஸ் அச்சில் தொங்கினால் கிளச் பிளேற் வளைந்துவிடும். தொங்கும் இஞ்சினுக்குக் கீழே கை விடுவதில்லை என்ற ஒரு சட்டம்தான் அன்று போட்டோம். அதை மீறியது நானேதான், விழுந்த வோஷர் ஒன்றை எடுக்க. அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சம்பைக் கழற்றி மருமகனிடம் கொடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன். திரும்பி வந்தால் சம்பும் ஒயில் பம்பின் சல்லடையும் பெற்றோலில் கழுவித் துடைத்துப் பளபளவென்று வெயிலில் காய்கின்றன. பிள்ளை நல்லெண்ணத்தில் செய்தது. ஆனால் சல்லடையில் என்ன அடைத்திருந்தது என்று இனி யார் சொல்வது? நல்லகாலம், கழுவின தட்டை அவன் கொட்டவில்லை. அடியில் மினுங்கும் துகள் கிடந்தது. காந்தத்தைக் கடதாசியில் சுற்றி அதற்குள் விட்டோம். இரும்புத் துகள் என்றால் கிராங்க், காம், றிங்ஸ் என்று தேட வேண்டும். ஒட்டியது கொஞ்சம்தான், மிச்சம் அசையவேயில்லை. அது பெயரிங் உலோகம். இதற்குப் பிறகு "பார்க்காமல் கழுவாதே" என்று கரிக்கட்டியால் கொட்டில் சுவரில் எழுதிவிட்டான், அவனே.

பிஸ்ரனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்ரிங் றொட்டின் மூடிகளைக் கழற்ற முன், றொட்டிலும் மூடியிலும் ஒன்றுக்கு ஒரு புள்ளி, இரண்டுக்கு இரண்டு என்று பஞ்சால் அடித்தோம். ஒரு மூடியை வேறு றொட்டுக்குப் போட்டால் வட்டம் வட்டமாக இராது. ஒன்றிலும் இரண்டிலும் பெயரிங் சாம்பல் நிறத்தில் அமைதியாக இருந்தது. மூன்றாவதில் மேல்பூச்சுப் போய்ச் செம்பு தெரிந்தது. நாலாவது இழுபட்டு, ஓரத்தில் மெழுகுபோலத் தள்ளுண்டு கிடந்தது. புத்தூரில் கேட்ட தட்டு இதுதான்.

இந்த இஞ்சினில் றொட்டின் பெரிய முனை சாய்வாகப் பிளந்திருப்பதால் பிஸ்ரனோடு மேலாலேயே எடுக்கலாம். ஆனால் சிலிண்டரின் மேல் விளிம்பில் றிங்ஸ் தொடாத இடத்தில் கரியும் தேயாத இரும்பும் ஒரு படியாக நிற்கும். அதைச் சுரண்டாமல் தள்ளினால் றிங் அந்தப் படியில் மாட்டிப் பிஸ்ரனை உடைக்கும். சுரண்டி, மரக்கட்டையால் தட்டி எடுத்தோம். நாலு பிஸ்ரனின் தலையையும் கரி போகத் துடைத்தேன். நாலிலும் ஒரே முத்திரை: +.020.

இருபது தவ் பெரிய பிஸ்ரன். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்திலொரு பங்கு. "ஒருநாளும் திறக்காத இஞ்சின்" எப்போதோ திறக்கப்பட்டு, சிலிண்டர் கடைந்து, புதுப் பிஸ்ரன் போட்ட இஞ்சின்!

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. முத்திரையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். கொம்பனியே அப்படிப் போட்டிருக்கும் என்றார். கொம்பனி போடும் பிஸ்ரனில் அந்த எண் இராது. கடைசியில் குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது:

"பாதை திறந்து அடுத்த வரியம், கொழும்புக்குக் கொண்டுபோய்ச் செய்விச்சனீங்களல்லே? என்ர சங்கிலியை அடகு வச்சு. உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது."

போரில் மூடிக்கிடந்த, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது 2002இல். அப்படியானால் 2003. மண்ணெண்ணெய் தேய்த்த சிலிண்டரும் பிஸ்ரனும் றிங்ஸும் இருபது வருடத்துக்கு முன்னரே போய்விட்டன. இந்தப் பிஸ்ரன்கள் மண்ணெண்ணெயைக் கண்டதே இல்லை. கராஜ் அண்ணை தாடியைச் சொறிந்தார். "சங்கிலி சாட்சி சொன்னாப் பிறகு என்ன கதை," என்று சிரித்தார்.

அளவுகள்

மைக்றோமீற்றர் இரவலாகக் கிடைத்தது, சிலிண்டர் அளக்கும் மீற்றர் கிடைக்கவில்லை. அதற்கு வீட்டு வழி ஒன்று இருக்கிறது. ஒரு றிங்கை எடுத்துச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்ரன் தலையால் மட்டமாகத் தள்ளி, றிங்கின் இரு நுனிகளுக்கும் இடையில் உள்ள வெளியை ஃபீலர் தகட்டால் அளப்பது. கீழே, தேயாத இடத்தில் 12 தவ். மேலே, தேய்ந்த இடத்தில் 28. வித்தியாசம் 16. இது சுற்றளவின் வித்தியாசம். 3.14ஆல் பிரித்தால் விட்டத்தின் வித்தியாசம் ஏறத்தாழ 5 தவ். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் "பை எங்கே சேர் பயன்படும்" என்று கேட்டால் இனிமேல் சொல்ல ஒன்று உண்டு.

ஐந்து தவ் தேய்வுக்குப் புது றிங்ஸ் மட்டும் போட்டுச் சமாளிக்கலாம் என்று ஒரு கட்சி, கடைய வேண்டும் என்று ஒரு கட்சி. கடைந்தால் +.040 அளவுக்குப் போவது. கொம்பனிக் கணக்கில் 948க்கு அதுதான் கடைசி. அதற்குப் பிறகு சிலிண்டருக்குள் குழாய்போல லைனர் இறக்கித்தான் பழைய அளவுக்கு வர வேண்டும். றிங்ஸ் மட்டும் போட்டால் காசு மிச்சம், ஆனால் இரண்டு வருடத்தில் திரும்ப இதே கொட்டிலில் நிற்போம். கடைவது என்று முடிவெடுத்தேன். கிராங்கின் மூன்றாவது, நாலாவது முனைகள் இரண்டரைத் தவ் முட்டை வடிவாகியிருந்தன, கீறலும் இருந்தது. எல்லா முனையையும் இருபது தவ் அரைத்து, அதற்கேற்ற பெயரிங்.

ஹெட்டில் நேர்விளிம்பை மூலைக்கு மூலை வைத்தால் நடுவில் 4 தவ் தகடு போனது. மட்டமாக்கலாம். வெடிப்பு இருக்கிறதா என்பதுதான் பயம், நான் பச்சைத் தண்ணீர் ஊற்றியவனல்லவா? வால்வ் இருக்கைகளைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சோக்கைத் தூளாக்கித் தூவினோம். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து சோக்கில் கோடு போடும். ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருந்தேன். கோடு விழவில்லை.

புளொக்கின் பக்கத்தில் தண்ணீர் வழியை அடைத்திருக்கும் தகட்டு மூடிகளைக் குத்தி எடுத்தால் உள்ளே பின் இரண்டு சிலிண்டரைச் சுற்றியும் களி. கம்பியாலும் பழைய திருப்புளியாலும் தோண்டி எடுத்ததை அம்மா அரிசி அளக்கும் சுண்டில் அளந்தோம், ஒன்றரைச் சுண்டு. தோண்ட முடியாத மிச்சத்துக்குக் கேக் சாமான் விற்கும் கடையில் சிற்றிக் அசிட் வாங்கி, சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி நாலு நாள் வைத்தோம். நுரை நிற்கும்வரை மாற்றினோம். பிறகு அப்பச்சோடாத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு உடனே ஒயில் பூசினோம். பூசாமல் விட்டால் பின்னேரத்துக்குள் செம்மஞ்சளாகத் துருப்பிடிக்கும்.

கடைசல் வேலை யாழ்ப்பாணத்தில் ஒரு பட்டறையில் நடந்தது. பிஸ்ரனும் பெயரிங்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தன. பூட்டியது அண்ணையின் கண்பார்வையில், ஹெட் நட்டு 40 அடி-இறாத்தல், ரப்பெற் இடைவெளி குளிரில் 12 தவ். அந்த நாட்களில் சொல்ல அதிகமில்லை. ஒழுங்காகக் கழற்றி அடையாளம் வைத்தது பூட்டும்போது தானாக வந்து சேர்ந்தது. ஒரு வோஷர் மட்டும் மிஞ்சியது, கோழியின் வேலையாக இருக்கலாம்.

பம்ப் புதிது, தேமோஸ்ரற் திரும்பப் போட்டாயிற்று. கிணற்றுத் தண்ணீருக்குப் பதிலாகப் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரும் கூலன்ற்றும். அப்பாவிடம் போத்தல் கதையைச் சொல்ல இரண்டு நாள் எடுத்தது. கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தநாள் காலை பூசை முடிந்து, வெறுங்கையோடு கொட்டிலுக்குப் போய், மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீர் வாய்மட்டத்தில் நின்றது. மூடிவிட்டுத் திரும்பி வந்தார்.

1,400 கிலோமீற்றர் ஓடிய பிறகு பின் ரப்பைத் திறந்தேன். பச்சை நிறத்தில், கம்பி விடாமலே, நேரே ஓடியது.